கட்டிப் போட்டால் கொடுமை, மடியில் வைத்தால் பாசமா?

ஜனவரி 7, 2024 (வாசகர் கேள்வி)

"என் நாய்க்கு வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டு. தடுப்பூசி தவறியதில்லை. ஒரு நாளும் கை நீட்டியதில்லை. எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், அதனால் பகலில் கட்டிப் போட்டிருப்பேன், இரவில் அவிழ்த்துவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரர் இதைக் கொடுமை என்கிறார். அவர் வளர்ப்பது ஒரு பக், சப்பை மூக்குக் குட்டை நாய். நாள் முழுக்க சோபாவிலும் மடியிலும்தான் இருக்கும். நாலு எட்டு நடந்தால் அதற்கு மூச்சிரைக்கும். என்னைக் கேட்டால், அடிக்காமல் பட்டினி போடாமல் வளர்த்தால் அது கொடுமையே இல்லை. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்."

ஜனவரி 7, இரவு

மறுக்கிறேன். அவர் சொன்னது சரி, நீங்கள் அவரைப் பற்றிச் சொல்லாமல் சொன்னதும் சரி.

அடியும் பட்டினியும் மட்டும்தான் கொடுமை என்றால் பிராய்லர் கோழிக்கூண்டில்கூடக் கொடுமை கிடையாது. அங்கே யாரும் கோழியை அடிப்பதில்லை, தீனிக்கும் குறைவில்லை. 1965இல் பிரிட்டனில் பிராம்பெல் குழு பண்ணை விலங்குகளைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. அதில் கேட்டது மிகக் கொஞ்சம்: எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, தன் உடம்பைத் தானே சுத்தம் செய்துகொள்ள, கைகால் நீட்ட இடம் வேண்டும். அதை வளர்த்து 1979இல் அங்குள்ள பண்ணை விலங்கு நலக்குழு ஐந்து சுதந்திரங்களாக எழுதியது. பசி தாகம் இல்லாமல், வசதிக் குறைவு இல்லாமல், வலியும் நோயும் இல்லாமல், பயமும் மன உளைச்சலும் இல்லாமல் இருப்பது நான்கு. இன்னொன்று, தன் இனத்துக்கு இயல்பானதைச் செய்ய முடிவது. உங்கள் நாய்க்கு முதல் மூன்றும் இருக்கின்றன. பக்கத்து வீட்டு பக்குக்கு மூன்றாவது பிறப்பிலேயே போய்விட்டது.

அறுத்துத் தின்னப்போகிற விலங்குக்கு எழுதிய பட்டியல் இது. பிள்ளை மாதிரி வளர்க்கிறோம் என்கிற விலங்குக்கு இதிலேயே பாதி தேறவில்லை.

ஜனவரி 8

சங்கிலி பற்றி.

கட்டியே கிடக்கும் நாயின் இடத்தை மேலிருந்து பார்த்தால் ஒரு வட்டம் தெரியும். சங்கிலி எட்டும் தூரம் வரை மண் தேய்ந்து புல் செத்திருக்கும், அதற்கு வெளியே பச்சையாக இருக்கும். எங்கள் தெருக்கோடியில் அப்படி ஒரு நாய் இருந்தது. யார் போனாலும் சங்கிலி இழுபடும் வரை ஓடிவந்து குரைக்கும். "நல்ல காவல் நாய்" என்பார் சொந்தக்காரர். எனக்கு அது காவலாகத் தெரியவில்லை. போய் மோந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோகிற சந்தேகத்தை அது தினமும் தீர்க்க முடியாமல் கத்தியது. கட்டியே வளர்த்த நாய் ஆள் மேல் பாய்வதற்கு இதுவும் ஒரு காரணம். பயந்தால் விலகி ஓடலாம், அல்லது எதிர்த்து நிற்கலாம். ஓடும் வழியைச் சங்கிலி எடுத்துக்கொண்டுவிட்டது.

சட்டமும் இதைச் சொல்கிறது, பலருக்குத் தெரியாது. இந்தியாவின் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11: நியாயமற்ற அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டி வைப்பது, வழக்கமாகக் கட்டியே கிடக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பது, எல்லாம் கொடுமைப் பட்டியலில் உண்டு. 'நியாயமற்ற' என்பது எத்தனை மணி நேரம் என்று மட்டும் சொல்லவில்லை. வழக்கறிஞர்களும் பிழைக்க வேண்டும் இல்லையா.

ஜனவரி 8, மறுபடி

"இரவில் அவிழ்த்துவிடுகிறேனே, அது கணக்கில் வராதா?" என்கிறார் கேட்டவர். வரும். ஆனால் இரவில் நீங்கள் தூங்கிவிடுகிறீர்கள். அது தனியாகச் சுற்றும் நேரம் அது. பகலில் தனியாகக் கிடக்கும் நேரத்துக்கு அது ஈடாகாது.

ஜனவரி 10

ஒருவர் எழுதியிருக்கிறார்: "என் நாய்க்குத் தப்புச் செய்தால் தெரியும். செருப்பைக் கடித்துப் போட்ட அன்று நான் உள்ளே வந்ததுமே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் மூலையில் உட்காரும். அதனால்தான் திட்டுகிறேன், திட்டு அதற்குப் புரிகிறது."

இதை அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்கிற ஆய்வாளர் 2009இல் சோதித்துப் பார்த்தார். நாயை ஒரு தின்பண்டத்தோடு விட்டு, தொடாதே என்று சொல்லிவிட்டுச் சொந்தக்காரர் வெளியே போக வேண்டும். திரும்பி வரும்போது நாய் தின்றதா இல்லையா என்று அவரிடம் சொல்வார்கள், சில முறை வேண்டுமென்றே மாற்றிச் சொல்வார்கள். நாய் தின்றதோ இல்லையோ, அந்தக் குற்றவாளி முகம் சொந்தக்காரர் திட்டியபோதுதான் வந்தது. ஒன்றுமே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது இன்னும் தூக்கலாக இருந்தது.

ஆக, அந்த முகம் உங்கள் முகத்துக்கு வந்த பதில். செருப்பைக் கடித்து மணிக்கணக்கான பிறகு திட்டினால், நீங்கள் வாசல் திறக்கும் சத்தத்துக்குப் பயப்பட அது கற்றுக்கொள்ளும். செருப்பு மறுநாளும் கடிபடும்.

இதைக் கொடுமை என்பேனா? ஒரு நாள் என்றால் மாட்டேன். தினமும் என்றால், அந்த ஐந்து சுதந்திரங்களில் 'பயம்' என்று ஒன்று இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 13

பக்குக்கு வருவோம். பக்கத்து வீட்டுக்காரர் இதைப் படிக்கிறாரா தெரியாது, படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் செய்தது என்று இதில் ஒன்றும் இல்லை, வாங்கியதைத் தவிர.

மூஞ்சி சப்பையாக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து இனப்பெருக்கம் செய்ததில் எலும்பு குட்டையானது. உள்ளே இருக்கும் சதை அதே அளவுக்குக் குறையவில்லை. மூக்குத் துவாரம் கீறல் போல ஒடுங்கிவிட்டது, மேலண்ணத்தின் மென்சதை நீண்டு தொண்டையை அடைக்கிறது. நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பது முக்கியமாக மூச்சிரைத்துத்தான். அந்த வழியே அடைபட்டால் வெயிலில் கொஞ்ச நேரம் ஓடினாலே உயிருக்கு ஆபத்து. தூங்கும்போது மூச்சு நின்றுவிடுவதால் உட்கார்ந்தபடியே தூங்கும் சப்பை மூக்கு நாய்கள் உண்டு, வாயில் பொம்மையைக் கவ்விக்கொண்டு தூங்குபவையும் உண்டு. வாய் திறந்திருந்தால் காற்று போகும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அதைப் படம் பிடித்து 'செல்லம் எப்படித் தூங்குது பாருங்க' என்று போடுகிறோம்.

குறட்டை அழகு இல்லை. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் "இந்த ரகமே அப்படித்தான்" என்கிறார்கள். ஆமாம், ரகமே அப்படி. அதுதான் புகாரே.

நெதர்லாந்தில் 2019 முதல் இதற்கு அளவு வைத்துவிட்டார்கள். மூக்கின் நீளம் தலையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக உள்ள நாய்களை வைத்துக் குட்டி போட வைப்பதற்குக் கட்டுப்பாடு. நார்வேயில் ஒஸ்லோ நீதிமன்றம் 2022 ஜனவரியில் இங்கிலீஷ் புல்டாக், கவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியல் இரண்டையும் இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்புச் சொன்னது.

பூனைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். காது மடங்கிய ஸ்காட்டிஷ் ஃபோல்ட் இருக்கிறதே, 1961இல் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணையில் கிடைத்த சூசி என்கிற பூனையின் வம்சம். காதை மடக்கும் அதே மரபணுக் கோளாறுதான் உடம்பு முழுக்கக் குருத்தெலும்பைக் கெடுக்கிறது. காது மடங்கியிருந்தால் மூட்டிலும் கூடவோ குறையவோ கோளாறு உண்டு. புத்தர் மாதிரி காலை நீட்டி உட்காருகிறது என்று ரசிக்கிறார்களே, மடக்கினால் வலிக்கும் மூட்டுள்ள பூனைக்கு அப்படி உட்காருவதுதான் சுலபம்.

ஜனவரி 14

நார்வே பற்றி ஒருவர் திருத்தியிருக்கிறார், சரியான திருத்தம். அந்தத் தீர்ப்பு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 நவம்பரில் புல்டாக் பகுதியை மேல் நீதிமன்றம் தள்ளிவிட்டது, கவலியர் பகுதியை வைத்துக்கொண்டது. மண்டை ஓடு மூளைக்குப் போதாமல் இருப்பதும் இதய வால்வு நோயும் கவலியர்களில் அவ்வளவு பரவலாக இருக்கின்றன. வேறு இனத்தோடு கலந்து ஆரோக்கியமான குட்டி எடுப்பதற்குத் தடை இல்லை.

ஜனவரி 14, இன்னொன்று

"அப்படியானால் வீட்டில் இருக்கும் பக்கை என்ன செய்வது, விரட்டிவிடவா?"

ஏன் விரட்ட வேண்டும். உடம்பு ஏறாமல் பாருங்கள், கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்பில் மாட்டும் பட்டை வாங்குங்கள், வெயில் ஏறுவதற்கு முன் நடக்க விடுங்கள். மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தும் அறுவை சிகிச்சை இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். இருப்பதை நன்றாக வைத்துக்கொள்வது ஒன்று, அடுத்ததற்கு முன்பணம் கொடுப்பது வேறு.

ஜனவரி 20

மீன். இதைப் பற்றி யாருமே பேசவில்லை, ஏனென்றால் மீன் கத்தாது.

உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் ஒரு தங்க மீன். சின்ன வயதில் எனக்கும் வாங்கிக் கொடுத்தார்கள், அநேகமாக உங்களுக்கும். செத்ததும் "மீன் அவ்வளவுதான், சீக்கிரம் போய்விடும்" என்று சொல்லி இன்னொன்று வாங்கிவிட்டார்கள். தங்க மீன் பத்து இருபது வருடம் இருக்கக்கூடியது. பிரிட்டனில் டிஷ் என்கிற தங்க மீன் 43 வயது வரை இருந்து 1999இல் செத்தது.

குடுவையில் நடப்பது இதுதான். மீன் தன் கழிவை அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் விடுகிறது. அந்த அம்மோனியா அதே செவுளைப் புண்ணாக்கும். குளத்தில், நன்றாகப் பழகிய தொட்டியில், ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரைட்டும் விஷம், நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை. இந்த பாக்டீரியா வளர வாரக்கணக்கில் ஆகும், முக்கால்வாசி ஃபில்டரிலும் கூழாங்கல்லிலும்தான் குடியிருக்கும். குடுவையில் ஃபில்டர் இல்லை. நாம் செய்வதோ, தண்ணீர் கலங்கினால் மொத்தத்தையும் கொட்டி, கல்லைக்கூடத் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவது. அதில் குளோரின் வேறு. சுத்தமாக வைத்திருக்கிறோம் என்ற திருப்தியோடு செய்கிறோம்.

இத்தாலியில் மொன்சா நகரம் 2004இலும் ரோம் நகரம் 2005இலும் உருண்டைக் குடுவையில் தங்க மீன் வைப்பதைத் தடைசெய்தன. வளைந்த கண்ணாடி வழியே மீனுக்கு உலகம் கோணலாகத் தெரிகிறது என்று மொன்சாவில் ஒரு காரணம் சொன்னார்கள், உலகமே சிரித்தது. எனக்கு அம்மோனியா போதும், அந்தக் காரணம் தேவையில்லை.

ஜனவரி 21

"ஃபைட்டர் மீன் குட்டை மாதிரி இடத்தில் வாழ்வது, காற்றையே சுவாசிக்கும், பாட்டிலில் வைக்கலாம்."

காற்றைச் சுவாசிப்பது உண்மை, அதற்கென்று தலையில் ஓர் உறுப்பே இருக்கிறது. வயல் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்போது தப்பிக்கத்தான் அது. ஆனால் வயல் ஆழம் குறைவாக இருக்கும், பரப்பு பெரிது. அம்மோனியாவுக்கு அந்த உறுப்பால் ஒன்றும் செய்ய முடியாது.

"மீனுக்கு வலிக்குமா?" என்று கேட்டவருக்கு: லின் ஸ்னெடன் குழு 2003இல் டிரவுட் மீனின் தலையில் வலியை உணரும் நரம்பு முனைகளைக் கண்டுபிடித்தது. உதட்டில் அமிலம் ஏற்றிய மீன்கள் உதட்டைத் தொட்டியடிக் கற்களில் தேய்த்தன, தீனி எடுக்க வெகு நேரம் ஆனது. வலி என்று சொல்லலாமா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். நான் சொல்லிவிடுவேன்.

மூன்று நொடி ஞாபகசக்தி கதையை இங்கே யாரும் கொண்டுவர வேண்டாம். தீனி போடும் ஆளைக் கண்டதும் மேலே வந்து வாயைத் திறக்கும் மீனை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

பிப்ரவரி 2

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு விதி என்று போய்க்கொண்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கேள்வி தோன்றுகிறது: பிடிக்கவில்லை என்றால் விலகிப் போக அதற்கு வழி இருக்கிறதா?

ஹாம்ஸ்டரை எடுங்கள். இரவு முழுக்கக் கம்பியைக் கடிக்கும், "பல் தீட்டுகிறது" என்பார்கள். 2006இல் சுவிஸ் ஆய்வாளர்கள் மூன்று விதக் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள்: மரத்தூள் 10 சென்டிமீட்டர், 40, 80. பத்தில் இருந்தவை கம்பியைக் கடித்தன, எண்பதில் இருந்தவை அப்படிக் கடிக்கவில்லை. அவை வளை தோண்டி உள்ளே போய்விட்டன. ஒளிய இடம் கொடுத்ததும் 'பல் தீட்டுவது' நின்றுபோனது.

முயலை மல்லாத்திக் கையில் வைத்தால் அசையாமல் கிடக்கும். மயங்கிச் சுகமாகத் தூங்குகிறது என்று வயிற்றைத் தடவுகிறார்கள். கழுகு பிடித்தால் செத்தது போல் கிடக்கும் அதே மரத்துப்போன நிலைதான் அது. அது சுகம் இல்லை, பயம்.

ஒரு காலத்தில் எல்லார் கைப்பேசியிலும் ஓடியதே, பெரிய கண்ணுள்ள தேவாங்கு ஒன்றைக் கிச்சுக்கிச்சு மூட்ட, அது இரண்டு கையையும் தூக்குகிற வீடியோ. அதன் முழங்கைப் பக்கம் ஒரு சுரப்பி உண்டு. அந்தச் சுரப்பை நக்கி எச்சிலோடு கலந்தால் விஷம், கடித்தால் எதிரிக்கு ஆபத்து. கையைத் தூக்குவது அந்தச் சுரப்பியை வாய்க்குக் கிட்டே கொண்டுவரத்தான். அது தாக்கத் தயாராகிக்கொண்டிருந்தது, நாம் 'இன்னும் மூட்டு, இன்னும் மூட்டு' என்று கேட்டுக்கொண்டிருந்தோம். சந்தையில் விற்கும் தேவாங்குகளுக்கு முன்பல்லை வெட்டிவிடுவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பூனைக்கு இந்தச் சிக்கல் இல்லை. பிடிக்கவில்லை என்றால் பீரோவுக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு நம்மைக் கேவலமாகப் பார்க்கும்.

பிப்ரவரி 3

ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "விலகிப் போக விடணும்னா, நான் எப்படி மாத்திரை கொடுப்பேன்?"

நல்ல கேள்வி, ராத்திரி இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மாத்திரை, ஊசி, நகம் வெட்டுவது, சாலையில் கயிறு மாட்டி நடப்பது எல்லாமே அதன் விருப்பத்துக்கு எதிராகத்தான். ஒரு பூனைக்கு மாத்திரை கொடுப்பதைப் பார்த்தவர்கள் அதைக் கொலை முயற்சி என்றுகூடச் சொல்லலாம், யார் யாரைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்பதில்தான் குழப்பம்.

அதனால் இரண்டாவது கேள்வி ஒன்றும் வேண்டும்: விலக விடாமல் பிடித்து வைத்திருப்பது யாருக்காக? மாத்திரை அதற்காக. மடியில் அமுக்கிப் பிடித்துப் படம் எடுப்பது எனக்காக. முதல் கேள்விக்கு 'வழி இல்லை', இரண்டாவதற்கு 'எனக்காக' என்று பதில் வந்தால் அங்கே கை வைத்துப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 4

இந்த இரண்டு கேள்விகளை வைத்து, நாம் வெட்டுவதை எல்லாம் சோதித்துப் பாருங்கள். அழகுக்காக நாயின் காதை நறுக்கி நிமிர வைப்பது, வாலை வெட்டுவது, குரைக்காமல் இருக்கக் குரல் நாண் அறுப்பது, சோபா கிழியாமல் இருக்கப் பூனையின் நகத்தை எடுப்பது. கடைசியது நகத்தை வெட்டுவது இல்லை, விரலின் கடைசி எலும்போடு எடுப்பது. ஐரோப்பிய கவுன்சில் 1987இல் கொண்டுவந்த வளர்ப்பு விலங்கு உடன்படிக்கை இந்த நான்கையும் பெயர் சொல்லி மறுக்கிறது. அமெரிக்காவில் பூனை நகம் எடுப்பதை மாநிலம் முழுக்கத் தடைசெய்த முதல் மாநிலம் நியூயார்க், அதுவும் 2019இல்தான்.

பிப்ரவரி 11

எதிர்பார்த்தது வந்துவிட்டது: "அப்போ கருத்தடை? அதுவும் வெட்டுவதுதானே, அதுவும் நம் வசதிக்குத்தானே?"

இதில் நான் அவ்வளவு உறுதியாக இல்லை. ஸ்வீடனில் 1988 வரை மருத்துவக் காரணம் இல்லாமல் நாய்க்குக் கருத்தடை செய்ய அனுமதியே கிடையாது. நார்வேயில் இன்றும் தக்க காரணம் வேண்டும். மற்ற பல நாடுகளில் செய்யாதவர்தான் பொறுப்பில்லாதவர். ஒரே கத்தி, ஒரு பக்கம் குற்றம், இன்னொரு பக்கம் கடமை. அங்கே தெருவில் நாய் இல்லை, குட்டிகளைக் கேட்பாரற்று விடும் வழக்கம் குறைவு, அதனால் அந்தச் சட்டம் ஓடுகிறது. குட்டிகள் சாக்கில் கட்டி வீசப்படும் இடத்தில் அதே சட்டத்தைக் கொண்டுவந்தால் கத்தி தப்பும், குட்டி தப்பாது.

நான் செய்தேன், பூனைக்கு. பெண் பூனைக்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து போய்விடும் என்று மருத்துவர் சொன்னார், அது உண்மைதான். ஆனால் ராத்திரி அது கத்துவது நின்றதில் எனக்கும் நிம்மதி. 'யாருக்காக' என்ற என் கேள்விக்கு இங்கே 'இரண்டு பேருக்கும்' என்று பதில் வருகிறது. அப்படிப் பதில் வந்தால் என்ன செய்வது என்று நான் முன்பு எழுதவில்லை. இப்போதும் தெரியவில்லை.

பிப்ரவரி 25

கிளி பேசுவதைப் பற்றி இங்கே ஒரு பெரிய பெருமைப் போட்டி நடந்துகொண்டிருக்கிறது. நடுவில் வருவதற்கு மன்னிக்கவும்.

கிளி கூட்டத்தில் வாழ்வது. கூட்டத்தின் சத்தத்தைக் கற்றுக்கொண்டு தானும் அந்தக் கூட்டத்தில் ஒன்று என்று காட்டும். ஒற்றையாக வைத்த கிளிக்கு நாம்தான் கூட்டம், அதனால் நம் சத்தத்தைக் கற்கிறது. நன்றாகப் பேச வேண்டும் என்றால் ஜோடி சேர்க்காதே, தனியாக வை என்று விற்பவர்களே சொல்வார்கள். அது பேசும் ஒவ்வொரு வார்த்தையும் அதற்குக் கிளி கிடைக்காததால் வந்தது. அந்தக் கூட்டமும் காலையில் வேலைக்குப் போய்விடுகிறது. சில கிளிகள் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும், மார்பு மொட்டையாகிவிடும். நோயாலும் வரும், தனிமையாலும் வரும். தலையில் மட்டும் இறகு மிச்சம் இருக்கும், அங்கே அலகு எட்டாது.

இந்தியாவில் பச்சைக்கிளி வளர்ப்பதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் பெருமைப்படுகிறவர்களுக்கு நினைவூட்டுகிறேன். போட்ட வீடியோவை நீக்கிவிடுங்கள்.

சுவிட்சர்லாந்தில் 2008இல் வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி கூட்டமாக வாழும் விலங்கை ஒற்றையாக வைக்கக் கூடாது. கினிப் பன்றி, சின்னக் கிளிகள் எல்லாம் அதில் வரும். அப்புறம் ஒரு வேடிக்கையான சிக்கல்: இரண்டில் ஒன்று செத்தால் மற்றது தனி. புதிதாக ஒன்று வாங்கினால், பழையது செத்ததும் இது தனி. இந்தச் சங்கிலியை அறுக்கவே அங்கே துணைக்கு வாடகைக்குக் கினிப் பன்றி தருகிறவர்கள் கிளம்பினார்கள். சிரித்துவிட்டு யோசித்தேன், அது ரொம்பச் சரியான ஏற்பாடு.

பிப்ரவரி 26

லவ் பேர்ட்ஸ் கூண்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைக்கலாமா என்று கேட்டவருக்கு: அதற்குப் பதில் இன்னொரு பறவை வையுங்கள். கண்ணாடிக்கு அது இரை ஊட்டும், கண்ணாடி வாங்கிக்கொள்ளாது.

மார்ச் 9

அன்பால் வருகிற கொடுமை என்று ஒன்று உண்டென்றால் முதல் இடம் சாப்பாட்டுத் தட்டுக்குத்தான். "பாவமாகப் பார்க்கிறதே" என்று போட்டுப் போட்டு, குனிந்து தன் பின்பக்கத்தை நக்க முடியாத பூனைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாவமான பார்வைக்கு ஒரு காரணமும் உண்டு. லாப்ரடார் நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்ததைச் சொல்லும் மரபணு ஒன்றில் ஒரு துண்டு இல்லை என்று 2016இல் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தார்கள். அவற்றுக்கு உண்மையாகவே பசிக்கிறது, தேவைதான் இல்லை.

ஆகவே லாப்ரடார் கெஞ்சினால் இறங்காதீர்கள். தட்டைத் தராமல் உருட்டி எடுக்க வேண்டிய பொம்மைக்குள் தீனியை வையுங்கள், மோப்பம் பிடித்துத் தேட விடுங்கள். அதே அளவு தீனி, அரை மணி நேர வேலை.

மார்ச் 10

"நாங்கள் சைவம், பூனையும் சைவம்" என்று எழுதியவருடன் நான் சண்டைக்கு வரவில்லை, உடம்பியல் வருகிறது. டாரின் என்ற பொருளைப் பூனையால் தன் தேவைக்கு உடம்பில் தயாரித்துக்கொள்ள முடியாது, இறைச்சியில் இருக்கிறது, செடிகொடியில் இல்லை. அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயம் வீங்கிப் பலவீனமாகும். கடையில் விற்ற பூனைத் தீனியிலேயே அது போதாமல் பூனைகள் செத்ததை 1987இல் கண்டுபிடித்த பிறகுதான் தீனியில் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். பாலும் சாதமும் தின்று பத்து வருடம் இருந்த பூனை உங்கள் பாட்டி வீட்டில் இருந்தது என்கிறீர்கள். அது ராத்திரி எலி பிடித்தது, பாட்டியிடம் சொல்லவில்லை.

மார்ச் 30

நாய்க்காரர் திரும்பி வந்திருக்கிறார். சண்டையை விட்டுவிட்டு "சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?" என்று கேட்கிறார். வேலையை விடச் சொல்லவில்லை.

காலையில் வேலைக்குப் போகும் முன் நடை. வேகமாக இழுத்துக்கொண்டு போகாமல் அது மோந்து பார்க்கிற இடத்தில் எல்லாம் நின்று. நாய்க்கு நடை என்பது பெரும்பாலும் மூக்கால் நடப்பது, ஒரு கம்பத்தடியில் அது படித்துக்கொண்டிருக்கும்போது இழுக்காதீர்கள். களைத்த நாய் முற்பகல் தூங்கும். அடைத்த இடம் ஏதாவது இருந்தால் அவிழ்த்து அங்கே விடுங்கள், ஒரு அறையானாலும் சரி. கட்டியே ஆக வேண்டும் என்றால் இரண்டு தூணுக்கு நடுவே உயரத்தில் ஒரு கம்பி இழுத்து, வளையத்தில் கயிற்றை மாட்டுங்கள், நீளவாக்கில் போய்வரும். நிழலும் தண்ணீரும் கயிறு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், நிழல் மதியம் நகரும் என்பதையும் கணக்கில் வைத்து. கழுத்தை இறுக்கும் சங்கிலி வேண்டவே வேண்டாம். மதியம் வந்து பார்க்க ஓர் ஆள் கிடைத்தால் நல்லது.

பக்கத்து வீட்டுக்காரர் மதியம் வீட்டில்தான் இருக்கிறார் போலிருக்கிறது. கேட்டுப் பாருங்கள். அவருக்கும் மடியை விட்டு எழுந்திருக்க ஒரு சாக்கு.

ஏப்ரல் 14

"இத்தனை சொல்கிறீர்களே, அப்படியென்றால் எதையும் வளர்க்காமல் இருப்பதுதான் ஒரே வழி என்கிறீர்களா?"

தேவாங்குக்கும் காட்டுக் கிளிக்கும் ஆமாம். நாய்க்கு இல்லை. அது ஆயிரக்கணக்கான வருடமாக மனிதனோடு சேர்ந்தே மாறிவந்தது, அது திரும்பிப் போகக் காடு என்று ஒன்று கிடையாது. கூண்டைத் திறந்து 'சுதந்திரம்' கொடுக்கிறவர்களையும் இதே பட்டியலில் சேர்க்கிறேன். கூண்டில் பிறந்த பறவைக்கு இரை தேடத் தெரியாது. குளத்தில் விட்ட தங்க மீன் சாகும், அல்லது பெருகி அந்தக் குளத்து மீன்களைச் சாகடிக்கும்.

ஏப்ரல் 15

நாற்பது பூனை வைத்திருப்பவரைப் பற்றி ஒருவர் கொண்டாடி எழுதியிருந்தார். எத்தனைக்குக் கருத்தடை ஆயிற்று, எதற்கு எப்போது கடைசியாக உடம்பு சரியில்லாமல் போனது என்று அவரால் பெயர் சொல்லிச் சொல்ல முடிந்தால் நானும் கொண்டாடுகிறேன். முடியாவிட்டால் அங்கே உதவி தேவைப்படுவது பூனைகளுக்கு மட்டும் இல்லை.

மே 19

பையனுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு குட்டி ஆமை, அந்தக் கன்னத்தில் சிவப்புக் கோடு போட்டது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "சின்னதுதானே, ஒரு டப்பா போதுமாமே" என்று வேறு.

இப்போது உங்கள் உள்ளங்கையில் அடங்குகிறது. வளர்ந்தால் சாப்பாட்டுத் தட்டு அளவு வரும், முப்பது வருடம்கூட இருக்கும். நீந்த ஆழமான தண்ணீர் வேண்டும், ஏறிக் காய உலர்ந்த மேடை வேண்டும். வெயில் படாத இடத்தில் வைத்தால் புற ஊதா விளக்கு வேண்டும், அது இல்லாவிட்டால் கால்சியம் சேராமல் ஓடு மெத்தென்று ஆகிவிடும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் அதிலிருந்து வரும் புற ஊதா மெல்லக் குறையும், அவ்வப்போது மாற்ற வேண்டும். ஆமையைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், சால்மோனெல்லா கிருமி வரும். குழந்தைகள் வாயில் வைத்துக் காய்ச்சலில் விழுந்ததால்தான் நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைக்குட்டி விற்பதை அமெரிக்கா 1975இலேயே நிறுத்தியது.

பையனுக்கு எட்டு வயது என்கிறீர்கள். அவன் படிக்க வெளியூர் போகும்போது ஆமைக்குப் பத்து வயதுதான் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு தொட்டித் தண்ணீர் மாற்றப்போவது யார் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டு, அந்த ஆள் ஒப்புக்கொண்டால் வாங்குங்கள். அது நீங்களாகத்தான் இருக்கும்.